ரஞ்சி அக்காவை யார் நீக்கியது?

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. கதவைத் திறந்தால் மேல்மாடி ரஞ்சி அக்கா. கையில் ஒரு கடிதம், முகத்தில் கலவரம்.

"தம்பி, கிராங்கன்காஸவில இருந்து வந்திருக்கு. ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

கிராங்கன்காஸ என்றால் மருத்துவக் காப்புறுதி. ஜெர்மனியில், கொலோன் நகரில் இருக்கும் எங்கள் கட்டடத்தில் ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவனும் நான்தான்!

கண்ணாடியை மாட்டினேன். இரண்டு பக்கக் கடிதம். அதில் ஒரு சொல் மட்டுமே முக்கால் வரி நீளம். அதன் நடுவில் 'கியூண்டிகுங்' என்று இருந்தது. வேலையை விட்டு நிறுத்தினாலும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் இங்கே அந்தச் சொல்தானே வரும்? அதற்கு மேல் வாசிப்பானேன்...

"அக்கா, உங்களை நீக்கிப் போட்டாங்கள்."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் நின்று தேய்ந்த முழங்கால் அவருடையது. அடுத்த மாதம் ஒப்பரேசன். அந்தத் தெர்மினுக்காக, அதாவது ஆஸ்பத்திரி குறித்துக் கொடுத்த நாளுக்காக, எட்டு மாதம் காத்திருந்தவர்.

"மாசாமாசம் சம்பளத்திலயே வெட்டுறாங்களே தம்பி, பிறகு ஏன்? காப்புறுதி இல்லாமல் அங்க போய்ப் படுக்க ஏலாது. நான் வரேல்லையெண்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுங்கோ."

சனிக்கிழமை யார் போன் எடுப்பார்கள்? என்னுடைய மிகச் சிறந்த ஜெர்மனில் செய்தி பதிந்து வைத்தேன்.

திங்கள் காலை இருவரும் காஸ அலுவலகத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண். நான் ஜெர்மனில் விட்டேன் ஒரு சொற்பொழிவு — நீதி, மனிதாபிமானம், முழங்கால்! முடியும்வரை அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தமிழில் சொன்னாள்:

"அங்கிள், மற்றப் பக்கம் வாசிக்கேல்லையோ?"

நான் கடிதத்தைப் புரட்டினேன். அவள் அக்காவிடம் திரும்பினாள்.

"அன்ரி, உங்களை ஆரும் நீக்கேல்லை. கட்டணம் கொஞ்சம் கூடுது, அவ்வளவுதான். எல்லாக் காஸவுக்கும் பொதுவான வீதத்தை அரசாங்கம் சட்டத்தில எழுதி வச்சிருக்கு. அதில நாங்கள் கை வைக்கேலாது. அதுக்கு மேல வாற சின்னத் துண்டைத்தான் கூட்டுறம். அதுக்கும் அனுமதி வாங்கோணும். கூட்டினால், 'விருப்பமில்லாட்டி விலகலாம், மலிவான காஸவும் இருக்கலாம்' எண்டு நாங்களே உங்களுக்கு எழுதோணும். அதுவும் சட்டம்."

"அப்ப விலக்கிறது நீங்கள் இல்லையோ?"

"இல்லை அன்ரி. விலகிற உரிமை உங்களுக்குத்தான். அந்த நீளச் சொல்லின்ர கடைசித் துண்டே 'உரிமை' எண்டதுதான்."

அக்கா மெதுவாக என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள்... 'விலை ஏற்றிவிட்டோம், எதிர்க்கடையில் மலிவாகக் கிடைக்கலாம்' என்று எந்தக் கடைக்காரராவது வாசலில் எழுதி வைப்பாரா? இங்கே சட்டம் பிடித்து உட்காரவைத்து எழுத வைக்கிறது. ஆனால் மூச்சுப் பிடித்து வாசிக்கவேண்டிய நீளத்தில் அல்லவா எழுதுகிறார்கள்! பாதிச் சொல்லில் இறங்கிவிடுகிற என்னைப் போன்றவர்களுக்கு எந்தச் சட்டம் உதவும்?

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தேன்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"தெர்மின் அப்பிடியே இருக்காம்."

"நீங்கள் சொல்லி வச்சது?"

"மூண்டு தரம் போட்டுக் கேட்டவையாம்... ஒண்டும் விளங்கேல்லையாம்."

பஸ் தரிப்பிடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா சிரித்தார் பாருங்கள் — கண்ணில் தண்ணீர் வரும்வரை.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. காஸவை மாற்றவில்லை; இந்த நேரத்தில் அலைச்சல் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது வாரம் இரண்டு நாள் மாலையில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார். வகுப்பு இரண்டாம் மாடியில், படியேறித்தான் போகிறார்.

எனக்கும் சேர்த்தே பெயர் கொடுத்துவிட்டாராம்!