‘நல்லா கீறேன்’ என்று சொன்னவர்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆபரேஷன் தியேட்டரில் என்னோடு நிற்கும் நர்சுகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் நான் தொண்டை கிழியக் கத்தியது தியேட்டரில் இல்லை. உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், அறுபத்தைந்து தாண்டிய ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளியிடம். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் அவ்வளவு சத்தம்.

நான் சென்னையில் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை செய்பவள். இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் சிலருக்கு ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலியே இருக்காது. வெடித்துவிட்டால் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் ஆள் போய்விடுவார். முன்கூட்டியே தெரிந்தால் தொடை இடுக்கு வழியாகத் துணி போர்த்திய கம்பிவலைக் குழாய் ஒன்றைச் செலுத்தி, புடைத்த இடத்துக்குள் விரித்துவிடுவோம். ரத்தம் அதன் வழியே ஓடும், புடைப்பும் அடங்கும். பிறகு அந்தக் குழாய் நகர்ந்தாலோ ஓரத்தில் கசிந்தாலோ மறுபடி புடைக்க ஆரம்பிக்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம். புதிதாக முதுகோ வயிறோ வலித்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் அதன்பிறகு எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. கூலி வேலைக்குப் போகிறவர்கள் அதற்காகச் சென்னை வரமாட்டார்கள். எனவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு சின்ன ஸ்கேன் மெஷினைக் காரில் போட்டுக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் முகாம் போடுவேன்.

என் பட்டியலில் முதல் வரி அந்தக் கரும்பு வெட்டும் தொழிலாளிதான். ஆபரேஷன் ஆன மூன்றாம் வாரமே டீக்கடையில் சட்டையைத் தூக்கிக் காட்டிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டாராம். ஒருமுறை நானே காதால் கேட்டேன்.

“சைக்கிள் டயரு கீது பாரு, ஒரு எடத்துல நைஞ்சிப் பூட்சின்னா ட்யூபு பொடச்சிக்கினு வருதா இல்லியா? வெடிக்கிற வரைக்கும் பாத்துக்கினு இருப்பியா நீ? உள்ளாற ஒரு துண்டு வெச்சி ஓட்டுவ இல்ல? அதத்தான் இந்தம்மா எனக்குப் பண்ணிச்சி.”

மருத்துவ மாணவர்களுக்கு நான் ஒரு மணி நேரம் எடுக்கிற பாடம் அது.

புகை பிடிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும் என்று நான் சொல்லியிருந்ததால், பீடி குடித்தே வயதானவர்களையெல்லாம் அவரே கையைப் பிடித்து இழுத்து வந்து ஸ்கேன் மெஷின் முன்னால் படுக்க வைப்பார். சிலருக்குப் புடைப்பு இருந்தது. அவர்களையும் சென்னைக்கு வரவழைத்துச் சரிசெய்தேன். அதன்பிறகு முகாம்தோறும் அவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்வார்கள், நான் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்.

“வலி ஏதாவது?”

“இல்லமா. நல்லா கீறேன்.”

“நடக்க முடியுதா?”

“நடக்கிறதா? ஓட்றேன்மா.”

என்னுடன் வரும் இளம் டாக்டர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார், “மேடம், ஒருத்தருக்குக்கூடவா எதுவும் இல்லை?” உழைத்த உடம்புப்பா என்று மார்தட்டிக்கொண்டேன். ஸ்கேனுக்குச் சென்னை வரச் சொன்னால் நல்லாத்தானே கீறோம் என்று நழுவினார்கள். சரி, அங்கேயே மெஷினில் படுக்க வைத்துப் பார்த்திருக்கலாம். புதிதாக வந்தவர்களின் வரிசை வாசல் வரை நின்றது, நன்றாக இருக்கிறேன் என்பவரை எதற்குப் படுக்க வைப்பது என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. வீட்டுக்கு வந்து அந்தக் குறையில்லாத பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவேன். அதுவும் என் தப்புதான்.

நான் கத்திய அந்த ஞாயிற்றுக்கிழமை, கரும்பு வெட்டுபவரின் மனைவி எல்லாருக்கும் சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தூக்கை மேசைமேல் வைத்த கையோடு நேரே என்னிடம் வந்தார்.

“டாக்டரம்மா, இந்த மன்சன் நாலு வாரமா முதுவப் புட்சிக்கினு முனவிக்கினு கீறாரு. உன்கிட்ட சொன்னா வூட்ட வுட்டே பூடுவேன்னு என்னை மெரட்றாரு.”

“சும்மா இருடி,” என்றார் அவர். “கரும்புக் கட்டு தூக்கினது.”

அவரைப் படுக்க வைத்து மெஷினை வயிற்றில் வைத்தேன். சுருங்கியிருக்க வேண்டிய புடைப்பு, ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. அப்போதுதான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. வகுப்பறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று இளம் டாக்டர் பிறகு சொன்னார். அவர் மட்டும் படுத்தபடியே, “கோவப்படாதமா, உனக்கு பிரசர் ஏறிடும்” என்றார்.

ஆம்புலன்சில் அவரோடு நானும் ஏறிக்கொண்டேன். செங்கல்பட்டு தாண்டும்வரை அவர் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. சாயங்காலமே தியேட்டருக்குள் போனோம். நான் வைத்த குழாயின் மேல்முனை கீழே நழுவியிருந்தது. அதற்கு மேலே இன்னொரு சின்னக் குழாயை விரித்துக் கசிவை அடைத்தேன். பிழைத்துக்கொண்டார். வெளியே வந்து அவர் மனைவியிடம் சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் வார்டில் என் கையில் படிவத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போயிற்று.

“இன்னாமா, என்னை பெயிலுன்னு எழுதிட்டியா?”

“மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதுன்னு எழுதியிருக்கேன்.”

“அது பெயிலுதான? உன் பேரு கெட்டுப்பூடுமேமா.”

“உங்க உயிர் போயிருந்தா என் பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

அவர் மெதுவாகச் சொன்னார்.

“நீதானமா சொன்ன, நீங்கள்லாம் நல்லா இருந்தாத்தான் என் ஆராய்ச்சி நல்லா வரும்னு. ஞாயித்துக்கெழம கூட வூட்ல குந்தாம எங்களுக்காவ வந்துகினு கீற. பதிலுக்கு நாங்க இன்னா செய்யிறது? அதான் அவனுங்களுக்கும் சொல்லி வெச்சேன்.”

“யாருக்கு? என்னன்னு?”

“நம்ப ஆளுங்களுக்குத்தான். அம்மா கேட்டா நல்லா கீறேன்னு மட்டும் சொல்லுங்கடா, வேற வாயத் தொறக்காதீங்கன்னு.”

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். எப்போதோ ஒரு முகாம் முடிவில், எல்லாரும் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, பிரியமாகச் சொன்னேன். அவர்கள் அதை என் தேவை என்று எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் வலியை மறைத்துத் தந்திருக்கிறார்கள். நான் ராத்திரி பகலாகப் பார்த்துப் பெருமைப்பட்ட பட்டியல் முழுக்க அவர்கள் எனக்குச் செய்த சீர். அத்தனை அன்பையும் நினைத்து அழுவதா, அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை.

“யாருக்கெல்லாம் வலி இருக்கு?” என்று கேட்டேன்.

காட்டிக்கொடுக்க அவருக்கு மனசில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி போர்வைக்கு மேல் அவர் காலைத் தட்டினார். “சொல்லிடு. அவனுங்களுக்கும் பொண்டாட்டி புள்ளிங்க கீது.” அப்புறம் சுவரைப் பார்த்தபடியே ஒவ்வொருவராகச் சொன்னார்.

அன்றைய தியேட்டர் வேலையை இன்னொரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு மெஷினைக் காரில் ஏற்றினேன். வழி காட்ட அவர் மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

முதல் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “நல்லா கீறேன்மா” என்றார்.

“எங்கூட்டுக்காரரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு,” என்று அந்தம்மா காருக்குள்ளிருந்தே சத்தம் போட்டார். “ரெண்டாவது வாட்டி ஆபரேசன் ஆயி படுத்துக்கினு கீறாரு. நீயாவது உள்ளதச் சொல்லு.”

அவர் என்னைப் பார்த்தார்.

“அப்போ உன் ஆராய்ச்சி?”

“கெட்டுப்போனா போகட்டும்ணா.”

தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சட்டையைத் தூக்கினார். பிறகு என் கையைப் பிடித்து, வலிக்கிற இடத்தில் வைத்தார்.