தொண்ணூற்றொன்பது பேர்

என் தங்கை பிரபாலினி இருக்கும் ஊரை வரைபடத்தில் தேடிப் பாருங்கள், கண் வலிக்கும். ஜூரா மலையில் ஆயிரம் மீற்றர் உயரத்தில், பிரெஞ்சு பேசும் ஒரு மேட்டு நிலம். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் மாட்டுப் பண்ணைகள், நடுவில் ஒரு தேவாலயம். கடை கிடையாது. சனத்தொகை அப்போது நூறு. அதில் இரண்டு பேர் எங்கள் ஆட்கள்: அவளும் மகன் நிலக்ஷனும்.

அகதியாக வந்தபோது அவளை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். புருசன் செத்த பிறகும் அவள் அசையவில்லை. இருபத்தாறு வருடமாகக் காலை பஸ்ஸில் மலையிறங்கி, பட்டணத்து முதியோர் இல்லத்தில் சமைக்கிறாள். கார் ஓட்டும் சோதனையில் நாலு தரம் கோட்டை விட்டவள். பஸ் இல்லாவிட்டால் ஐந்து கிலோமீற்றர் நடைதான்.

அந்த பஸ்ஸுக்கு ஒரு விதி. ஊரில் நூறு பேருக்குக் குறைந்தால் ஓடாது. டிசம்பர் முப்பத்தொன்றில் தலை எண்ணுவார்கள். இது பிரபாலினிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நிலக்ஷனுக்கு நாட்டின் மறுகோடியில், டொச், அதாவது ஜெர்மன், பேசும் வில் நகரில் வேலை கிடைத்தது. ஜனவரி பத்தாம் தேதி தொடக்கம். "மூண்டாம் தேதி போறன் அம்மா" என்றான் பெடியன். சரியான பேச்சுத்தான். நாங்கள் விட்டோமா?

"மார்கழியிலை வீடு மாறுறதோ? அண்ணை, அதுக்கு முன்னம் ஒரு நல்ல நாள் பாருங்கோ" என்று எனக்கு போன் எடுத்தாள். நானும் பெரிய சாத்திரி மாதிரி, என் ஊரான திரிம்பாக்கில், குசினி மேசையில் பஞ்சாங்கத்தை விரித்து, டிசம்பர் பன்னிரண்டு என்று சொன்னேன். அன்றைக்கே வில்லில் பால் காய்ச்சினார்கள். அடுத்த நாள் பெடியன் தன் பதிவையும் அங்கே மாற்றிவிட்டான். ஊர்க் கணக்கு தொண்ணூற்றொன்பது ஆனது.

வசந்தத்தில் கடிதம் வந்தது: அடுத்த டிசம்பரோடு பஸ் நிறுத்தம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஞ்சாங்கத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேல் எறிந்தேன். பாவம், அது என்ன செய்யும்? முட்டாள் நான்.

"மகனோடை போய் இரன்" என்றேன்.

"ஐம்பத்தெட்டு வயசிலை டொச் படிக்கச் சொல்லுறியளோ? திரும்ப ஒரு ஊர் பழக எனக்குத் தெம்பில்லை. களைச்சுப் போனன் அண்ணை."

நடக்கிறேன் என்றாள். அவள் நடப்பாள். பக்கத்து வீட்டு மதாம் ரொஷா நடப்பாளா? எண்பத்து மூன்று வயது. அவள் கணவர், பிரபாலினி வேலை செய்யும் அதே இல்லத்தில் படுக்கையில் கிடக்கிறார். மனைவியைத் தவிர யார் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டாராம். மனைவி தினமும் மத்தியானம் பஸ்ஸில் போய் சூப் பருக்கிவிட்டு, பின்னேரம் பிரபாலினியோடு திரும்புவாள்.

கடைசி பஸ் ஓடிய அன்று பிரபாலினி போன் எடுத்தாள்.

"மதாமிட்டைச் சொல்லிப்போட்டன் அண்ணை. குறைஞ்ச ஒரு ஆள் என்ரை மகன்தான், அவசரப்படுத்தினது நான்தான் எண்டு."

"என்ன சொன்னா?"

"இளம் பிள்ளை, போகத்தானே வேணும் எண்டு என்ரை கையைத் தடவினா. ஏசியிருந்தா தாங்கியிருப்பன்."

"பிறகு?" என்றேன்.

"பிறகு, அவருக்கு எந்தக் கரண்டி பிடிக்கும், எவ்வளவு சூடு வேணும் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லித் தந்தா அண்ணை. நாளையிலை இருந்து நான்தான் பருக்கோணும்."