அமிர்தவல்லி ஏந்திய மடி

அமிர்தவல்லிக்கு மறதி என்பதே கிடையாது. செஞ்சி காந்தி பஜாரில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில், எந்த அம்மா எந்தத் தீபாவளிக்கு என்ன நிறத்தில் சேலை எடுத்தாள் என்று கேட்டால் சொல்லுவாள். அன்றைக்கு அந்த அம்மா தன்னை மரியாதையில்லாமல் பேசியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுவாள். முதலாளியே அவளிடம் நாக்கை அடக்கித்தான் பேசுவார். இப்படிப்பட்டவளிடம் போய் வள்ளியம்மாள் மாட்டிக்கொண்டாள்.

வள்ளியம்மாள், அமிர்தத்தின் அக்கா வசந்தாவுக்கு மாமியார். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் வசந்தா தலைச்சன் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். கொரோனா ஊசியை வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொன்னதே அந்த வருஷம் ஜூலையில்தான். அதற்கு முன்னால் இரண்டு முறை முகாமுக்குப் போய், வயிற்றைப் பார்த்ததும் திருப்பி அனுப்பப்பட்டவள் வசந்தா. அந்த ஏரியா நர்ஸ் கவிதா சிஸ்டர் வீடு தேடி வந்து, “இனிமே போடலாம்மா, நாளைக்கு ஸ்கூல்ல முகாம், வந்துடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

மறுநாள் காலையில் அமிர்தத்துக்கு வசந்தாவிடமிருந்து போன் வந்தபோது நான் பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். கையில் சேலை இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அமிர்தம், கெளம்பி வாசப்படி வரைக்கும் வந்துட்டேன்டி. அத்தை வுடமாட்டேன்றாங்க. ஆடி ஆத்தா மாசமாம். ஊசி குத்துனா காய்ச்சல் வரும், ஆத்தாளுக்கு ஆகாதுன்றாங்க. ஆவணி பொறந்ததும் போட்டுக்கோன்றாங்க.”

“மாமா இன்னா சொல்றாரு?”

“அவரு இன்னா சொல்லுவாரு? அம்மா சொல்றாங்க இல்ல, கேளுன்றாரு.”

ஆடியில் கல்யாணம் வைக்க வேண்டாம், புது வீடு போக வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். என் வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்கத்தான் செய்கிறது. ஆனால் கொரோனா பஞ்சாங்கம் பார்த்துவிட்டா வருகிறது? ஆடிக் கடைசியில் வசந்தாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வள்ளியம்மாள் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். வசந்தா அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆவணி பிறந்து நாலாம் நாள் செத்துப்போனாள்.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று அமிர்தம் டாக்டரிடமே கேட்டாள். “சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா இவ்வளவு மோசமா போயிருக்காதுன்னு நினைக்கிறேன்” என்றார். அந்த வார்த்தையையும் அவள் மறக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட, அறியாமையில் செய்தாள் கிழவி என்று காலப்போக்கில் ஆறியிருக்கும். காரியத்தன்று யாரோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “ஊசி கீசி போட்டாளா?” என்று கேட்டிருக்கிறார்கள். வள்ளியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, “ஆமா, வேணாம் வேணாம்னேன், சொல்பேச்சு கேக்காம போய் போட்டுக்கினா, அதுலருந்துதான் படுத்தா” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். தெரு முழுக்க அதுவே பேச்சானது. வயிற்றுப்பிள்ளையோடு ஊசி போட்டுக்கொண்டு செத்தவள் என்று வசந்தாவுக்குப் பெயர் விழுந்தது. அந்தத் தெருவில் அதன் பிறகு ஒரு கர்ப்பிணியும் கவிதா சிஸ்டருக்குக் கதவைத் திறக்கவில்லை.

அமிர்தம் சண்டைக்குப் போனாள். நானும் போனேன், போனில் என் காதால் கேட்டேன் என்று சொன்னேன். “கடையில வேல செய்ற பொம்பளைங்க சேந்து கத கட்டுறாளுங்க” என்று வள்ளியம்மாள் ஒரே வார்த்தையில் எங்களை வெளியே தள்ளினாள்.

தை மாதம் அதே வள்ளியம்மாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வசந்தாவின் அப்பா பச்சைமுத்து வீட்டுக்கு வந்தாள். குழந்தை எழிலை வளர்க்க ஆள் வேண்டும், மகன் வீரமணிக்கு அமிர்தத்தைக் கொடுங்கள் என்று கேட்டாள். அக்கா போன வீட்டுக்குத் தங்கையைக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். ஆனால் அதற்கும் ஒரு முகம் வேண்டாமா? அமிர்தம் விளக்குமாற்றை எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

“உனக்குப் பைத்தியமாடி?” என்று கடையில் அவளைப் பிடித்து உலுக்கினேன்.

“எழிலு பெரிசாயி, எங்கம்மா எப்படி செத்தாங்கன்னு கேக்கும். அந்தக் கெழவி இன்னா சொல்லுவான்னு நெனச்சிப் பாருக்கா. அது என் எதுருல நடக்கணும். நான் அந்த வூட்டுக்குள்ள இருக்கணும்” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மாசியில் கல்யாணம் முடிந்தது.

பழிவாங்குவது என்றால் சோற்றில் எதையாவது கலப்பது என்று நினைக்கிறவர்கள் அமிர்தத்திடம் வந்து பாடம் படிக்க வேண்டும். மாமியார் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு நேர் எதிரே வசந்தாவின் போட்டோவை மாட்டினாள். வேளாவேளைக்குச் சோறு போட்டாள், கால் பிடித்துவிட்டாள், ஒரு குறை வைக்கவில்லை. ஒவ்வொரு பிடி சோற்றுக்கும் வள்ளியம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஒருநாள் கிழவி தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாள் அடுப்படியிலும் ஒரு போட்டோ இருந்தது.

வீரமணி மினி லாரி ஓட்டுகிறவர். கெட்டவர் இல்லை. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாயைத் திறக்கவே தெரியாத மனிதர். அவர் போட்டோவைக் கழற்றவுமில்லை, ஏன் மாட்டினாய் என்று கேட்கவுமில்லை.

ஆனாலும் வள்ளியம்மாள் வாயிலிருந்து உண்மை வரவில்லை. சித்திரை அமாவாசைக்கு அமிர்தம் எழிலை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஸ்பெஷல் பஸ் பிடித்து, மேல்மலையனூர் போனாள். அங்காளம்மன் சன்னிதியில் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடப்போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தக் கூட்டத்தில் இடிபட்டு, வெளியே ஒரு மூலையில் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளியும் விட்டாள். இடுப்பில் இருந்த எழில் அந்தக் கையைப் பிடித்து இழுத்து மண்ணில் பாதியை வாயில் போட்டுக்கொண்டது. சாபத்தை மறந்துவிட்டுக் குழந்தையின் வாயைத் தோண்ட வேண்டியதாகிவிட்டது.

“நல்லவேளக்கா” என்றாள் மறுநாள். “அந்த வூடு நாசமாப் போவட்டும்னு தூத்துனா, அங்கதான எழிலும் இருக்குது? கெழவி செத்துட்டா அவ சொன்ன பொய்யி சாவுமா? அவ உசுரோட இருக்கணும். அவ வாயாலயே சொல்லணும்.”

அப்போதே அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. விஷயம் தெரிந்ததும் வள்ளியம்மாள் ஆளே மாறிப்போனாள். பேரன்தான் என்று முடிவு கட்டி, மருமகளைக் குடம் தூக்க விடவில்லை. அமிர்தம் முன்னாலேயே இரண்டு ஊசியும் போட்டிருந்தாள். மூன்றாவதை ஜூலை நடுவிலிருந்து இலவசமாகப் போடுகிறார்கள் என்று கவிதா சிஸ்டர் வந்து சொன்னார். கிழவி உடனே சொன்ன பதில்: “ஆடி முடியட்டும்.”

அமிர்தம் சிரித்தாளாம். “சரிங்க அத்தே” என்றாளாம். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “ஞாயித்துக்கெழமை எங்க தெருவுல கூழ் ஊத்துறாங்க, வந்துடுக்கா” என்றாள். அந்தக் குரலைக் கேட்டதுமே முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அந்தத் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ்ப் பானைகள் வரிசையாக இருந்தன. எதிரே அங்கன்வாடி வாசலில் ஷாமியானா போட்டுத் தடுப்பூசி முகாம். கவிதா சிஸ்டர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆளுக்காகக் காத்திருந்தார். வள்ளியம்மாள் மஞ்சள் சேலையில், கையில் காப்புக் கட்டி, வேப்பிலைக் கொத்தோடு நின்றாள். ஒவ்வொரு வருஷமும் அவள்தான் முதல் பானையைத் திறப்பாள்.

சுவாதி என்று அந்தத் தெருப் பெண் ஒருத்தி, ஏழு மாத வயிறு, முகாமைப் பார்த்துத் தயங்கித் தயங்கி நடந்தாள். வள்ளியம்மாள் விடுவாளா? “எங்கடி போற? போன வருசம் எங்க வூட்டுல ஊசி போட்டவ இன்னா ஆனான்னு பாத்த இல்ல?” என்று தெருவே கேட்கச் சொன்னாள். சுவாதி அப்படியே திரும்பிவிட்டாள்.

அமிர்தம் கூழ் மொண்டுகொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து விரித்தாள். அப்படியே நடந்து வந்து மாமியார் முன்னால் நின்றாள்.

ஆடியில் வேண்டுதல்காரர்கள் வீடு வீடாகப் போய் மடிப்பிச்சை கேட்பார்கள். ஒரு பிடி அரிசியாவது போடாமல் யாரும் அனுப்ப மாட்டார்கள். அதுவும் வயிற்றுப்பிள்ளைக்காரி, ஆத்தா வாசலில், காப்புக் கட்டியவளிடம் மடி ஏந்தினால் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

“இன்னாடி இது? இன்னா வேணும் உனக்கு?” என்றாள் வள்ளியம்மாள்.

“எங்கக்கா ஊசி போட்டாளா, போடலையா? அதச் சொல்லு. அரிசி வேணாம், காசு வேணாம். அத என் மடியில போடு.”

“எல்லாரும் பாக்குறாங்க, உள்ள வாடி.”

“பாக்கத்தான் கேக்குறேன். காப்புக் கட்டுன கை அது. பொய்யின்னா பொய்யையே போடு, இந்த மடியிலதான் உன் பேரப்புள்ளயும் இருக்குது.”

வள்ளியம்மாள் மகனைப் பார்த்தாள். வீரமணி எழிலைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். முதல் முறையாக அந்த மனிதர் வாயைத் திறந்தார். “சொல்லும்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கிழவி வேப்பிலைக் கொத்தைக் கோயில் படியில் வைத்தாள்.

“போடல” என்றாள்.

“சத்தமா சொல்லு.”

“அவ போடல. கெளம்பித்தான் வந்தா, வாசப்படி வரைக்கும் வந்தா. நான்தான் ஆடி முடியட்டும்னு நிறுத்துனேன். நான்தான் நிறுத்துனேன்!” கத்திவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

யாராவது போய்த் தூக்கியிருக்கலாம். நான் போகவில்லை. எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஒரு வருஷமாக வசந்தாவின் மேல் அப்பியிருந்த சேற்றை அப்பியவளே கழுவினாள்.

அமிர்தம் விரித்த முந்தானையை, உள்ளே ஏதோ விழுந்தது போலவே சுருட்டி இடுப்பில் செருகினாள். முகாமுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். ஊசி போட்டுக்கொண்டு பஞ்சைப் பிடித்தபடி எழுந்தபோது, அவளுக்குப் பின்னால் சுவாதி நின்றிருந்தாள். கவிதா சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஊசியை எடுத்தார்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது அமிர்தம் கையை அசைக்க முடியாமல் படுத்திருந்தாள். வள்ளியம்மாள் வீங்கிய முகத்தோடு சுடுதண்ணீர்க் கிண்ணமும் துணியுமாக வாசல்படியில் தயங்கி நின்றாள்.

“ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டாள்.

“வலிக்குது” என்றாள் அமிர்தம். “எங்கக்காளுக்கு இந்த வலியக்கூட நீ வுடல.”

கார்த்திகையில் பையன் பிறந்தான். நல்ல எடை. கிழவி அவனைக் கொஞ்சுகிறாள், அமிர்தம் தடுப்பதில்லை. எல்லாம் தீர்ந்தது, மாமியாரும் மருமகளும் ஒன்றாகிவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தெருவுக்கு என்ன தெரியும்?

இந்த வருஷம் வசந்தாவின் திவசத்துக்குப் போயிருந்தேன். எழில் இப்போது பள்ளிக்கூடம் போகிறது. படையல் போட்டு முடிந்ததும், அமிர்தம் எழிலைக் கொண்டுவந்து வள்ளியம்மாளின் எதிரே, போட்டோவுக்குக் கீழே உட்கார வைத்தாள். வருஷா வருஷம் இதுதான் வழக்கமாம்.

“சொல்லுங்க அத்தே” என்றாள்.

வள்ளியம்மாள் சொன்னாள். எழுந்திருக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “உங்கம்மா ஊசி போட கெளம்புனா. நீ வயித்துல இருந்த. நான் வுடல.”

மற்ற வருஷங்களில் குழந்தை கேட்டுவிட்டு விளையாட ஓடிவிடுமாம். இந்த முறை ஓடவில்லை. போட்டோவைப் பார்த்தது, கிழவியைப் பார்த்தது.

“ஏன் ஆயா வுடல?” என்றது.

அமிர்தம் அடுப்படிக்குள் போய்க்கொண்டிருந்தவள் நின்றாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தாள் என்பது அங்கே என் ஒருத்திக்குத்தான் தெரியும். வள்ளியம்மாள் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். எழில் எழுந்திருக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அமிர்தம் வந்து குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “எவ்ளோ நேரம் வேணா ஆவட்டும் அத்தே, நாங்க இங்கதான் இருக்கறோம்” என்றாள்.