நானும் தங்க வந்தவள்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருடமாக அறை துப்புரவாக்குகிறேன். என் லீவு நாள் பார்த்துத்தான் யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் வரும். விடிந்ததும் சூப்பர்வைசர் போன் எடுத்து, "ஒருக்கா வர ஏலுமா?" என்பார். கேள்வி மாதிரித்தான் இருக்கும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு போய் நிற்பேன்.

அதனால்தான் கறண்ட் இல்லாத இடமாகத் தேடினேன். உன்னிச்சைக் குளத்தைத் தாண்டி, காட்டுப் பாதையால் போனால் ஒரு மலை. அதன் பாதி உயரத்தில் நாலைந்து கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள் என்று எங்கள் ஹோட்டலில் தங்கிய ஒருவர் படம் காட்டியிருந்தார். கறண்ட் இல்லை, சிக்னல் இல்லை, சமையலும் நாமே செய்ய வேண்டும் என்று குறைபோலச் சொன்னார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. இரண்டு நாள், ஒருவரும் என்னை ஒரு வேலைக்கும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் ஆசை.

என் கணவர் வாவியில் வலை போடுகிறவர். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னகா, உனக்கு விசரா? காசு குடுத்து இருட்டில இரிக்கப் போறயா? மெயின் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டு வீட்டுக்குள்ளயே இரியன்."

"வீட்டில இரிந்தா நீங்க தேத்தண்ணி கேப்பீங்க," என்றேன். அவர் மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

பானையும் அரிசிப் பையுமாக நாங்கள் போய் இறங்க, அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஓடி வந்தான். "சமையலுக்கு வந்தவங்களா? தங்க வந்த கொழும்பு ஆக்கள் சமையலுக்கு ஆள் சொல்லிப்போட்டுப் பாத்துக்கிட்டு இரிக்காங்க. பின்பக்கத்தால போங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தங்க வந்திரிக்கம், தம்பி. பேர் பதிஞ்ச கொப்பியத் திறந்து பாருங்க."

பார்த்தான். முகம் தொங்கிப் போனது. எங்கள் பைகளைத் தானே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பாவம், அவனும் என்னைப் போலச் சம்பளத்துக்கு நிற்கிறவன்தான். ஆனாலும் தூக்கட்டும் என்று விட்டேன்.

அன்று பொழுதுபட அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்துக் கணவர்தான் சோறு சமைத்தார். அடிப்பிடித்த சோறு. வழித்துச் சாப்பிட்டேன். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

மறுநாள் பழக்கதோசத்தில் வேலைக்கு எழும்பும் நேரத்துக்கே விழிப்பு வந்தது. கூடாரங்களுக்கு எதிரே ஒரு பாறையில் போய் இருந்தேன். கீழே வயல் வட்டைகள் பச்சையாக விரிந்து கிடந்தன, தூரத்தில் வாவி ஒரு கோடாகத் தெரிந்தது. கால்மணி நேரம் பார்த்திருப்பேன். அதற்குமேல் கை சும்மா இருக்கவில்லை. கொழும்பு ஆட்கள் துடைத்துப் போட்ட துவாய்கள் கொடியில் சுருண்டு தொங்கின, ஒன்று நிலத்தில் கிடந்தது. எழும்பிப் போய் எல்லாவற்றையும் உதறி, ஓரம் வெளியே தெரியாமல் மூன்றாக மடித்து, மேசையில் அடுக்கிவிட்டேன். ஹோட்டலில் மடிப்பதுபோல.

கொழும்பு ஆட்களின் கூடாரத்திலிருந்து என் வயதுப் பெண் ஒருவர் வெளியே வந்தார். துவாய்களைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"அக்கா, அப்படியே எங்கட டென்டையும் ஒருக்கா கூட்டி விடுறீங்களா? பிள்ளைகள் மண்காலோட ஏறிட்டாங்க."

மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"நான் இஞ்ச வேலை செய்யிற ஆளில்ல. உங்களப் போல தங்கத்தான் வந்திரிக்கன்."

"ஐயோ, சொறி அக்கா." மேசையைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏன் எங்கட துவாயெல்லாம் மடிச்சு வச்சீங்க?"

நியாயமான கேள்வி. சத்தம் கேட்டு எழும்பி வந்த என் கணவர் காதோடு சொன்னார்: "விடுகா. தும்புத்தடியால ரெண்டு இழுப்பு இழுத்தா முடிஞ்சிரும்."

இரண்டு இழுப்புத்தான். பதினொரு வருடமும் அப்படித்தான் போனது.

மேசைக்குப் போனேன். மடித்த துவாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, விரித்து உதறி, கொடியில் பழையபடி கசங்கலாகவே போட்டேன். நிலத்தில் கிடந்ததை ஒரு நொடி யோசித்துவிட்டு நிலத்திலேயே போட்டேன். அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கணவர் தலையில் கை வைத்தார். நான் திரும்பிப் போய்ப் பாறையில் இருந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். வாசலில் தொடங்கி உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அப்படிக் கூட்டினால் மண் எங்கே போகும்? உள்மூலையில் ஒரு கைப்பிடி மண் அப்படியே கிடந்தது. நான் இருந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டேன். எழும்பவில்லை.