சவிதா ஏறிய ஆயிரம் படிகள்

ஊரடங்கில் வேலையிழந்த ஹெப்பாள் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களின் சாப்பாட்டுக்காக, விஜயநகரில் எங்கள் அடுக்ககத்தினர் ஆளுக்கொரு உடற்பயிற்சிச் சவால் எடுத்து, அதை வீடியோவாகப் போட்டு நிதி திரட்டினோம். நான் மொட்டைமாடியில் ஸ்கிப்பிங் செய்தேன். எதிர்வீட்டு சவிதா, எங்கள் ஊர் சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளை ஏறுவதுபோல் எங்கள் மாடிப்படியிலேயே தினமும் ஆயிரம் படி ஏறினாள். அவள் வீடியோவுக்குத்தான் பாராட்டும் நன்கொடையும் குவிந்தன. எனக்கு வயிறு எரிந்தது. பொதுப்படியில் கொரோனா பரவும் என்று குடியிருப்போர் சங்கத்துக்குப் பெயர் போடாமல் புகார் எழுதினேன். மறுநாளே அவளைத் தடுத்துவிட்டார்கள்.

மாலையில் சவிதா போன் செய்தாள். "படி ஏறக்கூடாதாம் அக்கா. பரவால்ல, எனக்குக் குடுக்கறவங்களை உங்க ஸ்கிப்பிங்குக்கே குடுக்கச் சொல்லிட்டேன். சாப்பாடு நின்னுடக் கூடாது பாருங்க."

சாப்பாடு நின்றுவிடுமே என்று நான் ஒரு நொடிகூட நினைத்திருக்கவில்லை. "தேங்க்ஸ் சவிதா" என்று மட்டும் சொன்னேன். புகார் எழுதியது யார் என்று இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் படிக்கக்கூடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.