உறையாத ஊருக்கு அனுப்பிய நீலத் தண்ணீர்

அன்றைக்கு லண்டனில் எங்கள் பிளேஸ்டோ வீட்டுக் குசினியில் இருந்தவர்கள்: நான், மனைவி, இடியப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்த மகள். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள், கிளிநொச்சியிலிருந்து என் தம்பி. அவனுக்குப் பின்னால், மழை இருட்டுக்கு முன்னால் சிவப்பாக எங்கள் ட்ரக்டர்.

ஆக நான்கு பேர். ட்ரக்டரையும் சேர்த்தால் ஐந்து. நான் சேர்ப்பேன்.

வருடக்கணக்காக இரட்டை ஷிப்ட் செய்து நான் வாங்கிக் கொடுத்தது அது. ஒருநாள் திரும்பிப் போய் நானே அதை ஓட்டுவேன் என்பது எண்ணம். இன்றுவரை அதன் சீட்டில் இருந்ததில்லை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன் — கழுவிய படம், சேறு பூசிய படம், பொங்கலுக்கு மாலை போட்ட படம்...

போன போகத்தில் திரும்பத் திரும்ப டயர் போய், வயலுக்குள் படுத்துவிட்டது. விதைப்புப் பிந்தியது. விளைச்சல் கவிழ்ந்தது. இந்தப் போகமும் இப்படியென்றால் விற்றுவிடுவதாகத் தம்பி சொல்லிவிட்டான். வாங்க ஆளும் பார்த்து வைத்திருந்தான். அவனில் பிழையில்லை. ஆனால் ட்ரக்டரும் போய்விட்டால், நான் எதற்கென்று திரும்பிப் போவது?

நான் எதற்கும் பதறுகிறவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்க பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்ததையும் எழுதியிருக்கிறேன். டயர் விஷயத்தை விடுவேனா?

கோடையில் எசெக்ஸ் பக்கம் ஸ்ட்ரோபெரி பிடுங்கப் போனோம். எல்லோரும் பழத்தடியில் நிற்க, நான் பண்ணைக்காரரின் ட்ரக்டரடியில் நின்றேன். மகள் மொழிபெயர்த்தாள். அவருடைய பின் டயர்களுக்குள்ளும் தண்ணீர்தான். சேற்றில் வழுக்காமலிருக்கப் பாரம் வேண்டும். எங்கள் ஊரிலும் அப்படித்தானே விடுகிறார்கள்? முக்கால்வாசி தண்ணீர், மிச்சம் காற்று. அந்தக் கொஞ்சக் காற்றுக் குறைந்தால் டயர் நெளியும், ரிம்மில் வழுக்கும், வால்வு அறுந்துபோகும். தண்ணீர் தாங்கி நிற்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் வால்வு மேலே வரும்படி நிறுத்திவிட்டுக் காற்றை அளக்க வேண்டும். வேலை முடிய, டயரில் முள் குத்தியிருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் மனிதர் சொன்னது.

கடைசியில், தண்ணீரோடு நீல நிறத்தில் அன்டிஃப்ரீஸ் கலப்பதாகவும் சொன்னார்.

நான் யோசித்தேன். வெள்ளைக்காரர் காசு கொடுத்து ஊற்றுகிறார் என்றால் காரணமில்லாமலா? இல்ஃபோர்ட்டில் தம்பிக்குக் கார்கோவில் போட்ட பெட்டிக்குள், பால்மாவுக்கும் சேர்ட்டுகளுக்கும் நடுவே, ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு கேனை வைத்தேன். காற்று அளக்கிற கேஜ் ஒன்றும் போட்டேன் — மூலையில் இடமிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியைத்தான் தம்பி அன்றைக்குப் போனுக்கு முன்னால் உடைத்தான். கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணை, இது என்னத்துக்கு?"

"டயருக்குள்ள விட. தண்ணி உறையாது."

கேனை நிலத்தில் வைத்தான்.

"இஞ்ச எங்கையண்ணை தண்ணி உறையப்போகுது? பைப்பைத் திறந்தாலே சுடுதண்ணிதான் வருது."

"அப்பா, அங்க ஸ்நோவே இல்லையே," என்றாள் மகள், இடியப்பத்தைப் பார்த்தபடி.

"நல்லகாலம், ட்ரக்டருக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பேல்லை," என்றாள் மனைவி.

எனக்கு முகம் சுட்டது. இந்த ஊர்க் குளிர் எனக்குள் இவ்வளவு தூரம் ஏறிவிட்டதா? கிளிநொச்சி வெயிலை ஒரு மனிதனால் மறக்க ஏலுமா? மறந்திருக்கிறேன்...

வெட்கத்தை மறைக்க, கேஜை எடுத்துப் பின் டயரில் வைக்கச் சொன்னேன். தம்பிக்கு அதில் நம்பிக்கையில்லை. குதிக்காலால் டயரை ஓங்கி உதைத்தான். அவனுடைய சோதனை எப்போதும் அதுதான்.

"பாருங்கோ, கல்லு மாதிரி நிக்குது."

"நீ உதைக்கிறது தண்ணியையடா. வால்வை மேல கொண்டுவந்திட்டு அளந்து பார்."

முணுமுணுத்துக்கொண்டே ட்ரக்டரைக் கொஞ்சம் முன்னுக்கு உருட்டினான். அளந்தான். முகம் மாறியது. இருக்கவேண்டிய காற்றில் பாதிகூட இல்லை. வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்தான்; குமிழி வந்தது. போன போகம் முழுக்க நாங்கள் முள்ளைத் திட்டிக்கொண்டிருந்தோம். காற்றைக் களவெடுத்தது அந்தச் சின்ன வால்வு.

வால்வை மாற்றினான். அந்தக் கிழமையே உழுது விதைத்தான். பிறகுதான் பெருமழை. டயர் தாங்கி நின்றது. நேற்றுப் போன் எடுத்தான். வாங்கக் கேட்டவரிடம் இல்லையென்று சொல்லிவிட்டானாம்.

"இனி விக்கிற எண்ணமில்லை. நீங்கள் எப்பண்ணை வந்து ஓடப்போறீங்கள்?"

"வாறன்," என்றேன். வருடாவருடம் சொல்கிற அதே 'வாறன்'.

போனில் நாங்கள் கேட்கிற 'சுகமா இருக்கிறியளோ' என்பதும் குதிக்கால் உதைதானே? இங்கிருந்து உதைக்கிறோம், அங்கே 'ஓம், நல்லா இருக்கிறம்' என்கிறார்கள். அங்கிருந்து உதைக்கிறார்கள், நானும் கல்லு மாதிரித்தான் நிற்கிறேன். வால்வை மேலே திருப்பி அளக்க யார் இருக்கிறார்கள்?

நீலக் கேன் இப்போது தம்பி வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கிறது — சிந்தினால் மாடு நக்கிச் செத்துப்போகும் என்று பயம். நான் வரும்போது குளிர்ந்தால் எனக்கே பூசிவிடுவதாகச் சொல்கிறான்.

அது கடல் கடந்து போன கூலியில், கார்கோக்காரருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது பதினான்கு பவுண்.