குழந்தைக்குப் பாடிய பாட்டு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் தோட்டத்துப் பங்களாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து மூன்று வாரம் தங்கினார். இலங்கையில், ருவான்வெல்லைக்கு மேலே இருக்கும் ரப்பர்த் தோட்டம் அது. துரைமார் காலமெல்லாம் எப்போதோ முடிந்து, பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அப்பா அங்கே சமையல்காரர். வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நாள் இருப்பார்கள், அட்டை கடித்ததும் கிளம்பிவிடுவார்கள். இவர் மட்டும் பெட்டியோடு ஒரு சின்னக் கீபோர்டையும் கொண்டுவந்து, மழை விடாமல் பெய்தபோதும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் என்ன வேலை பார்க்கிறவர் என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அப்பாவின் ஆங்கிலம் முட்டையையும் தேநீரையும் தாண்டிப் போகாது. அது பள்ளிக்கூட விடுமுறைக் காலம். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருந்த என்னை அப்பா கையோடு கூட்டிக்கொண்டு போனார். மகளுக்குத் தெரியாத இங்கிலீஷே கிடையாது என்று அவரைக் கூட்டிவந்த டிரைவரிடம் ஏற்கெனவே சிங்களத்தில் பெருமையடித்து வைத்திருந்தார். நானும் அதை நம்பியிருந்தேன்.

எனக்காக அந்த வெள்ளைக்காரர் மெதுவாகப் பேசுவார். புரியாததைக் கையால் காட்டுவார். அப்படித் துண்டு துண்டாகக் கேட்டு வந்து வீட்டில் சொன்னேன்: அவர் லண்டனில் நாடகங்களுக்கு மெட்டுப் போடுகிறவர், அங்கே மேடையில் பேச்சை விடப் பாட்டுத்தான் அதிகம். காமன் கூத்து மாதிரியா என்று அம்மா கேட்டாள். அப்படித்தான், ஆனால் உட்கார்ந்து பார்க்க நாற்காலி போட்டிருப்பார்கள் என்றேன். அன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவருக்குப் பாட்டுத் துரை என்று பெயர் விழுந்தது.

பாட்டுத் துரை பிறந்தது அதே பங்களாவில்தான். அவருடைய அப்பா இந்தத் தோட்டத்தின் கடைசிக்கு முந்திய வெள்ளைக்காரத் துரை. ஏழு வயதில் இவரைக் கப்பலேற்றி இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே குளிருக்கும் பெரிய பையன்களுக்கும் பயந்து, தேவாலயத்துப் பியானோவின் அடியில் ஒளிந்துகொள்வாராம். பிறகு அதை வாசிக்கவே கற்றுக்கொண்டார். இருபது வயதில் ஒரு நாடகக் கொட்டகையில் ஒத்திகைக்கு வாசிக்கும் வேலை. முப்பதுக்குள் சொந்தமாக ஒரு இசைநாடகம். அது பல வருடம் ஓடியது, அவர் படம் பத்திரிகையில் எல்லாம் வந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்பது விரல்களை நிமிர்த்திக் காட்டி, எட்டை மடக்கினார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எட்டு நாடகங்கள் விழுந்துபோனதை ஒரு மனிதன் அப்படிச் சொல்ல எத்தனை வருடம் பழகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது எழுதுவது கடைசி நாடகம் என்றார். மலைநாட்டில் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பையனின் கதை. அதற்கு ஒரு தாலாட்டு வேண்டும். அவரை வளர்த்த ஆயம்மா பாடிய பாட்டில் இரண்டு வரி மெட்டு மட்டும் நினைவில் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று கண்ணைத் தொட்டுக் காட்டினார். எத்தனையோ தடவை அதை ஒரு பாட்டாக முடிக்கப் பார்த்தும் முடியவில்லையாம். அந்த ஆயம்மாவின் சொந்தக்காரர் யாராவது தோட்டத்தில் இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னார்.

விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த ஆயம்மா என் அத்தையின் பெரியம்மா. அத்தை என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். தாய் சீக்கிரமே இறந்துபோனதால் அவளை வளர்த்ததே அந்தப் பெரியம்மாதான்.

அடுத்த நாள் பிற்பகல் அத்தை நல்ல சேலை கட்டிக்கொண்டு பங்களாவுக்கு வந்தாள். பாட்டுத் துரை எழுந்து நின்று கும்பிட்டார். நாற்காலி போட்டும் அத்தை உட்காரவில்லை. அவர் கீபோர்டில் அந்த இரண்டு வரியை வாசித்தார். அத்தையின் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அவர் நிறுத்திய இடத்திலிருந்து பாட ஆரம்பித்தாள். எடுத்துக் குடிக்க நீயில்லாமல் மாராப்பு நனைகிறதே என்று ஓர் அடி வந்தது. அவர் ஒரு சின்னக் கருவியில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டார்.

பாடி முடித்ததும் அத்தை என் பக்கம் திரும்பினாள். அப்பா தேநீர் போட உள்ளே போயிருந்தார்.

"இது தாலாட்டு இல்லைன்னு சொல்லு புள்ள. ஒப்பாரி. இவரோட அம்மா தொரசானிக்குக் காய்ச்சல் கண்டு பால் இல்லாமப் போயி, இவருக்குப் பால் குடுக்கப் பெரியம்மாவ மேல கூட்டிட்டு வந்துட்டாங்க. கீழ எறங்க விடல. அதோட புள்ள லயத்துல கஞ்சித் தண்ணியக் குடிச்சே செத்துப்போச்சு. இவர மடியில போட்டுக்கிட்டுதான் அந்தப் புள்ளைக்கு இத அழுதுச்சு. அதச் சொல்லு."

ஒப்பாரிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பால் தெரியும், குழந்தை தெரியும், செத்துப்போனது தெரியும். ஆனால் அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்று விளங்கவில்லை. பாட்டுத் துரை குழந்தை மாதிரி ஆவலாக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அப்பா கோப்பைகளோடு வரும் சத்தம் கேட்டது. தெரியாது என்று அப்பா முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"திஸ் சாங் ஃபோர் பேபி" என்றேன்.

அது பொய்யும் அல்ல. பாட்டுத் துரையின் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் தட்டி, தாங்க்யூ, தாங்க்யூ என்று அத்தையைப் பார்த்துச் சிரித்தார். அத்தை இன்னும் சற்று நேரம் அங்கேயே நின்றாள். தேநீரைக்கூடத் தொடாமல் இறங்கிப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு பார்சல் வந்தது. அதில் ஒரு பாட்டு சிடியும் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தன. சிலோனில் நான் கேட்ட தாலாட்டு என்று அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் அச்சடித்து, அத்தையின் பெயரையும் போட்டு நன்றி சொல்லியிருந்தார். எங்கள் வீட்டு டிவிடி பிளேயரில் போட்டுக் கேட்டோம். மெட்டு அதேதான், ஆனால் வேகம் கூடியிருந்தது. புல்லாங்குழலும் மணியும் சேர்ந்து துள்ளின. ஒரு பெண் சிரிப்போடு பாடினாள். முடிந்ததும் கொட்டகையே அதிரக் கைதட்டல்.

"பெரியம்மா அழுததுக்குக் கை தட்டுறாங்க" என்றாள் அத்தை. பிறகு என்னிடம் கேட்டாள், "நான் சொன்னத அவருகிட்டச் சொன்னியா புள்ள?"

"சொன்னேன் அத்தை."

அவள் தலையாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவாள்.

இப்போது நான் கேகாலையில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒப்பாரிக்கான சொல்லைப் பதினேழு வயதில் ஓர் அகராதியில் கண்டேன். அவருக்கு எழுதலாம் என்று விலாசம் தேடியபோது, அவர் முந்திய வருடமே இறந்துவிட்டதாக இணையத்தில் இருந்தது. கடைசி நாடகம் சில வாரங்கள்தான் ஓடியதாம். அந்தப் பாட்டு அழகாக இருந்தாலும் அதில் ஏதோ ஒன்று குறைகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அத்தை மூன்று வருடத்துக்கு முன்புவரை இருந்தாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறை லயத்துக்குப் போகும்போதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவேன். அவள் என் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு வேறு ஏதாவது பேசத் தொடங்கிவிடுவாள்.

அன்றைக்குப் பாட்டுத் துரை கை தட்டியபோது, அத்தை அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். செத்துப்போன அந்தப் பிள்ளைக்கு அவரிடமிருந்து ஒரு பதிலுக்காக அவள் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.